பொய்ப் பள்ளமும் மெய்ப் படபடப்பும்

விபத்து நேர்ந்த பின்பு விசாரணை நடத்துவது எளிது. விபத்துக்கு முந்திய கணத்தில் அம்மனிதன் எதைக் கண்டான், எதைக் காணத் தவறினான், அவன் உள்ளம் அவனை எச்சரித்ததா இல்லையா என்று அறிவதுதான் அரிது. சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லும் எம்போன்றோர் விபத்து உதவி கோரும் மனுக்களையும் புரட்டிப் பார்க்க நேர்கிறது. ‘விபத்து எவ்வாறு நேர்ந்தது?’ என்னும் வினாவிற்கு எதிரே பெரும்பாலும் ‘எதிர்பாராத விதமாக’ என்ற இரண்டு சொற்களே எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே.

இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருப்பதைத் தோண்டி எடுக்கும் பொருட்டு, பல நாடுகளில் விஞ்ஞானிகள் இரண்டு சாதனங்களை ஒன்று சேர்த்துப் பயன்படுத்தி வருகின்றனர். நாடித் துடிப்பு, உள்ளங்கை வியர்வை, கண்மணியின் விரிவு முதலிய உடற்குறிகளைக் கருவி கொண்டு அளப்பது ஒன்று. உண்மையான அபாயத்திற்குப் பதிலாக, மெய்போல் தோன்றும் பொய்யுலகம் ஒன்றைக் கண்முன் நிறுத்துவது மற்றொன்று. பின்னதையே மெய்நிகர் உலகம் என்று இப்போது வழங்குகிறோம். பள்ளி மாணவர்கள் விளையாட்டுக்காக முகத்தில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடிப் பெட்டியை நம் அங்கத்தினர்களில் பலர் கண்டிருக்கலாம். அது விளையாட்டோடு நின்றுவிடவில்லை என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அபாயத்தை ஆராய்வதில் ஒரு சங்கடம் உண்டு. விதையை ஆராய்பவர் விதைத்துப் பார்க்கலாம். சாயத்தை ஆராய்பவர் நூலைத் தோய்த்துப் பார்க்கலாம். அபாயத்தை ஆராய்பவர் ஒருவரைச் சாரத்தின் மீதிருந்து தள்ளிப் பார்க்க முடியாது. விபத்துக்களை எண்ணிப் பார்க்கலாமென்றால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் விபத்து அபூர்வமாகவே நிகழ்கிறது. எண்ணிக்கை சேருவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும், உயிர்களும் கழிந்துவிடும். நேரே கேட்டுவிடலாமென்றால், ‘நீர் ஜாக்கிரதையுள்ளவரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை கூறுபவர் எத்தனை பேர்?

உள்ளங்கை கூறும் சாட்சி

வெயிலில் நெற்றி வியர்க்கிறது. அச்சத்தில் உள்ளங்கை வியர்க்கிறது. இவ்வேறுபாடு நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததுதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள், உடலின் வெப்பத்தைக் காட்டிலும் உள்ளத்தின் கலக்கத்திற்கே மிகுதியாகச் செவிசாய்க்கின்றன. அவற்றை ஏவும் நரம்புகள் நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டவை அல்ல. வியர்வை ஊறும்போது தோலின் மின்கடத்தும் திறன் சிறிது கூடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஃபெரே 1888ஆம் ஆண்டில், உணர முடியாத அளவு மெல்லிய மின்சாரத்தை உடலிற் செலுத்தி இம்மாறுதலைக் குறித்தார். இரண்டாண்டு கழித்து 1890இல், வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் செலுத்தாமலே தோலில் இத்தகைய மின்மாறுதல் தோன்றுவதை டார்க்கனாவ் கண்டார். இதயத்தின் மின்துடிப்பைத் துல்லியமாக வரைந்து காட்டும் கருவியை ஹாலந்து நாட்டின் ஐந்தோவன் அமைத்தார்; அதற்காக 1924இல் நோபெல் பரிசும் பெற்றார். அக்காலத்தில் ஓர் அறையையே அடைத்துக்கொண்ட அக்கருவியின் வேலையில் ஒரு பகுதியை, இன்று மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் பச்சை ஒளியொன்றைத் தோலில் பாய்ச்சிச் செய்துவிடுகிறது.

இக்கருவிகளைப்பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். பாவின்மீது விரலை வைத்துப் பார்க்கும் நெசவாளர் அது இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இறுக்கியவர் யார் என்று விரல் சொல்லாது. தோலின் மின்குறியும் அவ்வாறே. உள்ளம் கிளர்ந்தது என்று கூறுமேயன்றி, அக்கிளர்ச்சி அச்சமா, ஆனந்தமா, வெறும் திடுக்கிடலா என்று கூறாது. நாடியோ மாடிப்படி ஏறினாலும் விரையும். கண்மணி வெளிச்சம் குறைந்தாலும் விரியும். ஆகையால் ஒரு குறியை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதே ஆராய்ச்சியாளர் வழக்கம். அமெரிக்காவில் பாஸ்டன் நகர வீதிகளில் கார் ஓட்டியவர்களிடம் ஹீலி, பிக்கார்டு என்ற இருவர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓட்டுநரின் மனநெருக்கடியோடு மிக நெருங்கி ஒத்துச் சென்றவை தோலின் மின்குறியும் இதயத் துடிப்புமே.

இத்துறையில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது, அதற்கு நாற்பது ஆண்டுகள் முந்திய ஒரு சோதனை. பிரிட்டனில் டெய்லர் என்பவர் கார் ஓட்டுநர்களின் தோலில் மின்வாய்களை இணைத்துப் பலவகைச் சாலைகளில் ஓட்டச் செய்தார். 1964இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. விபத்து மிகுந்த சந்திகளில் தோல் மிகுதியாகக் குறி காட்டும், வெறிச்சோடிய நேர்ச்சாலையில் அடங்கியிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் கால அளவை வைத்துக் கணக்கிட்டபோது, குறிகள் எல்லாவகைச் சாலைகளிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வந்தன. இதன் பொருள் யாது? ஓட்டுநர் தம் உள்ளத்துக் கலக்கத்தை ஓர் அளவில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறார். நெருக்கடியான தெருவில் நிதானிக்கிறார்; நல்ல சாலை கிடைத்ததும் விரைகிறார். சாலை தந்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறார்.

இதை அடிப்படையாகக் கொண்டு கானடாவின் ஜெரால்ட் வைல்டு 1982இல் ஒரு கொள்கையையே வகுத்தார். ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அபாய அளவை ஏற்றுக்கொண்டுள்ளனர். பாதுகாப்பைப் பெருக்கினால் துணிச்சலைப் பெருக்கி அதைச் சரிக்கட்டிவிடுவர் என்பது அது. சுவீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி, இடப்புறம் ஓடிய வண்டிகளையெல்லாம் வலப்புறம் மாற்றினார்கள். குழப்பத்தால் விபத்து பெருகுமென்று அஞ்சியதற்கு மாறாக, முதலில் விபத்துக்கள் குறைந்தன. மக்கள் அஞ்சி அஞ்சி ஓட்டினார்கள். அச்சம் தெளிந்ததும் இரண்டாண்டுக்குள் விபத்துக்கள் பழைய அளவை எட்டிவிட்டன. வைல்டின் கொள்கையை முழுமையாக ஏற்காதவர்கள் பலர். நானும் அவர்கள் பக்கமே. இருக்கை வாரால் காக்கப்பட்ட உயிர்களைக் கண்டபின் ‘எந்தப் பாதுகாப்பும் வீண்’ என்று எவரும் சொல்லத் துணியலாகாது. ஆயினும் ஒரு தடுப்பைப் பொருத்தியவுடன் வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடும் அதிகாரிகளுக்கு, டெய்லரின் சோதனை ஒரு நல்ல மருந்து.

இல்லாத பள்ளம்

நிற்க. மெய்நிகர் உலகத்தின் கதைக்கு வருவோம். விமானமோட்டப் பழகுவோருக்காக எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929இல் தரையிலேயே ஆடி அசையும் ஒரு பாவனை விமானத்தைச் செய்தார். தலையில் மாட்டும் காட்சிக் கருவியை இவான் சதர்லாந்து 1968இல் அமைத்துக் காட்டினார். அதன் கனம் தாங்காது என்று கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அதில் தெரிந்தவை வெறும் ஒளிக்கோடுகளே. இன்றைய கருவியின் தத்துவமும் அதுவே. இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரண்டு படங்கள். தலை திரும்பும் திசைக்கேற்பப் படமும் உடனே திரும்புதல். இந்த ‘உடனே’ என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலை திரும்பியபின் படம் திரும்ப வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்தால் மாயம் கலையத் தொடங்கும்; சிலருக்கு வயிற்றைப் பிரட்டும்.

வட கரோலினா சர்வகலாசாலையில் மீகன், பிரெட் புரூக்ஸ் முதலியோர் நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனையொன்று இத்துறையில் பெயர் பெற்றது. கருவியை அணிந்தவர் முதலில் ஒரு சாதாரண அறையைக் காண்கிறார். அடுத்த அறைக்குள் நுழைந்ததும், விளிம்பில் மட்டும் நடைபாதை விட்டு நடுவில் 20 அடி ஆழத்துக்குப் பள்ளம் தெரிகிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டே வாழ்நாளைக் கழிக்கும் நம் நெசவாளர்களுக்குப் பள்ளம் புதிதன்று. ஆனால் இது கால் எட்டும் பள்ளமன்று. உண்மையில் அவர் நிற்பது சமதளமான தரையில். அது அவருக்கும் தெரியும். எனினும் இதயம் விரைந்து துடித்தது. அதன்பின் ஆராய்ச்சியாளர் ஒரு சிறு தந்திரம் செய்தனர். ஒன்றரை அங்குல உயரமுள்ள ஒரு பலகையைத் தரையில் வைத்து, பள்ளத்தின் விளிம்பு அதன் ஓரத்தில் பொருந்துமாறு காட்சியை அமைத்தனர். கால்விரல் அவ்வோரத்தைத் தடவியபோது துடிப்பு மேலும் உயர்ந்தது. பல இலட்சம் பெறுமான யந்திரத்தின் குறையை ஒரு பலகைத் துண்டு நிரப்பிவிட்டது!

‘பொய்யென்று தெரிந்தும் அஞ்சுவதா?’ என்று கேட்கத் தோன்றும். இலண்டனில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் 2006இல் வெளியிட்ட சோதனை இக்கேள்வியைக் கடுமையாகவே சோதித்தது. 34 பேர் அதில் கலந்துகொண்டனர். யந்திரத்தால் வரையப்பட்ட ஒரு பெண்ணுருவிடம் சொற்களை நினைவுகூரச் சொல்லி, அவள் தவறிழைக்கும்போதெல்லாம் மின்னதிர்ச்சிப் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் கதறுவாள், வேண்டாமென்று கெஞ்சுவாள். அவள் உயிருள்ளவள் அல்லள், அதிர்ச்சியும் இல்லை என்பது அனைவருக்கும் திட்டமாகத் தெரியும். ஆயினும் அவளைக் கண்டும் கேட்டும் பொத்தானை அழுத்தியவர்களின் தோலும் இதயமும் மெய்யான மனநெருக்கடியைக் காட்டின. எழுத்து மூலம் மட்டும் அவளோடு தொடர்பு கொண்டவர்களிடம் அத்தகைய கலக்கம் குறைவு. கண்டவர்களில் சிலர் முடிவுவரை செல்லாமல் இடையில் நிறுத்திவிட்டனர். அறிவு பொய்யென்று கூறிக்கொண்டிருக்கும்போதே உடல் மெய்யென்று நடந்துகொள்கிறது. இந்தப் பிளவுதான் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. எவரையும் காயப்படுத்தாமல், காயத்துக்கு முந்திய கணத்தை மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கலாம்.

அதன் பயன்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையில் பிளமெர்ட் என்ற அம்மையாரும் அவர் துணைவரும் ஓரிடத்தில் நிலையாகப் பொருத்திய சைக்கிளில் சிறுவர்களை ஏற்றி, சுற்றிலும் திரையில் போக்குவரத்து மிகுந்த சாலையைக் காட்டினர். 2004இல் வெளிவந்த முடிவு இது: 10 வயதுச் சிறுவர்களும் 12 வயதுச் சிறுவர்களும் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த அதே அளவு இடைவெளியைத்தான் தேர்ந்தெடுத்தனர். ஆனால் புறப்படுவதில் சற்றே தாமதித்தனர். எனவே எதிர்வரும் காருக்கும் அவர்களுக்கும் இடையே எஞ்சிய நேரம் குறைந்துவிட்டது. ‘பையனுக்கு நிதானம் போதாது’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுவோம். குறை நிதானத்தில் இல்லை, தம் உடல் எவ்வளவு விரைவில் அசையும் என்ற கணிப்பில் இருக்கிறது. உபதேசம் செய்வதைவிட, வண்டியை மிதித்துப் பழகவைப்பதே இதற்கு மருந்து என்பது என் கருத்து.

மற்றொன்று தீ பற்றியது. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே மோன் பிளாங்க் மலையைக் குடைந்து சென்ற சுரங்கச் சாலையில், 1999 மார்ச் 24ஆம் தேதி மாவும் மார்கரினும் ஏற்றிச் சென்ற லாரியொன்று தீப்பற்றியது. 39 பேர் இறந்தனர். பலர் தம் வண்டிகளை விட்டு அகலாமலே மாண்டனர் என்பதுதான் நெஞ்சை உறுத்தும் செய்தி. ஏன் இறங்கி ஓடவில்லை? இறந்தவர்களைக் கேட்க முடியாது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஆராய்ச்சியாளர்கள் மெய்நிகர் சுரங்கத்தைப் படைத்து, அதில் புகை எழுப்பி, அருகில் ஓர் உருவத்தையும் நிறுத்திப் பார்த்தனர். அவ்வுருவம் வெளிவழியை நோக்கி நடந்தபோது பார்த்தவரும் அவ்வழியே சென்றார். அது சும்மா நின்றபோது இவரிடமும் தயக்கம் தோன்றியது. இது முற்றிலும் புதிய செய்தியன்று. அமெரிக்காவில் லட்டானே, டார்லி என்ற இருவர் 1968இல், ஓர் அறைக்குள் சுவரின் துவாரம் வழியே மெய்யான புகையையே செலுத்திப் பார்த்தனர். தனியே இருந்தவர்களில் 100க்கு 75 பேர் வெளியே சென்று தெரிவித்தனர். அசையாமல் அமர்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் 100க்கு 10 பேரே தெரிவித்தனர். பஞ்சும் நூலும் அடுக்கிய கிடங்குகளில் தீப் பயிற்சி நடத்தும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் எழுந்து வாசலை நோக்கி நடப்பவர் யார் என்பதை முன்கூட்டியே பெயர் குறித்து வைப்பது, சுவரில் பத்து அறிவிப்புகள் ஒட்டுவதைவிட மேல்.

எச்சரிக்கையாக ஏற்க வேண்டியவை

புதுக்கருவி எதற்கும் புகழ் மிஞ்சுவது உண்டு. 1997இல் பெக்காரா, டமாஸியோ முதலியோர் சீட்டுக் கட்டுகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. நான்கு கட்டுகளில் இரண்டு நஷ்டம் தருபவை. ஆடுபவர் அதை வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, நஷ்டக் கட்டை நோக்கிக் கை நீளும்போது தோல் குறி காட்டிற்று. முன்மூளையின் ஒரு பகுதி சிதைந்த நோயாளிகளிடம் அக்குறி தோன்றவில்லை. ‘உடல் அறிவுக்கு முந்தி அறிகிறது’ என்று பலர் முழங்கினர். ஆனால் 2004இல் மாயா, மெக்லெலண்டு இருவரும் ஆடுபவர்களை இன்னும் நுணுக்கமாகக் கேள்வி கேட்டு, அவர்கள் நஷ்டக் கட்டை முன்பே அறிந்திருந்தனர், முதல் ஆராய்ச்சியாளர் கேட்ட விதந்தான் போதவில்லை என்று காட்டினர். கருவியை வைப்பதற்கு முன் ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும் என்ற வகையில், விசாரணை நடத்தும் உத்தியோகஸ்தர்கள் யாவரும் படிக்கத்தக்க சர்ச்சை இது.

வேறு குறைகளும் உண்டு. சோதனைக்கு வருவோரில் பெரும்பாலார் கல்லூரி மாணவர்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளியின் உடல் அவ்வாறே குறி காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. கருவியால் ஏற்படும் தலைசுற்றலே நாடியை மாற்றிவிடும். நம் கோடையில் மூடிய கூடமொன்றில் உள்ளங்கை வியர்வையை அளப்பவர், அளப்பது அச்சத்தையா அனலையா என்று தடுமாறவும் நேரும். எல்லாவற்றிலும் முக்கியமானது பழக்கம். ஒரே பள்ளத்தைப் பலமுறை கண்டால் இதயம் அடங்கிவிடுகிறது. இதையே பயன்படுத்தி உயரத்திற்கு அஞ்சுவோரின் நோயைத் தீர்க்கலாம் என்று ராத்பாம் என்ற அம்மையார் 1995இல் காட்டினார். நோயாளிக்கு அது நன்மையே. ஆனால் உயரத்தில் வேலை செய்வோருக்கு அச்சம் முழுதும் போய்விடுவது நன்மைதானா? அச்சத்தை அளக்கும் கருவியே அச்சத்தைப் போக்கும் கருவியாகவும் இருப்பதால், பயிற்சி கொடுப்பவர் எது வேண்டுமென்று முன்னமே முடிவு செய்திருக்க வேண்டும்.

அளந்த கணக்கு யார் கையில் இருக்கும் என்பதும் சிறிய கேள்வியன்று. ஆராய்ச்சிக்கு வருபவர் விரும்பிய நேரத்தில் விலகலாம்; அவருடைய குறிப்புகள் இரகசியமாகக் காக்கப்படும். வேலைக்கு வருபவர் அப்படி விலக முடியுமா? ‘இவர் நாடி எளிதில் பதறுகிறது’ என்று ஒரு மேலாளர் ஒருவரின் வேலையைப் பறிக்க இடமிருந்தால், அக்கருவியை எந்தத் தொழிலாளியும் நம்பி அணியமாட்டார். பல பேருடைய குறிகளைச் சேர்த்து, எந்தத் திருப்பத்தில், எந்த யந்திரத்தின் அருகில் எல்லோருக்கும் பதற்றம் ஏற்படுகிறது என்று இடத்தைக் கண்டுபிடிக்க உதவினால் மட்டுமே இது தொழிலாளிக்கு உகந்த விஞ்ஞானம். ஆளைத் தரம் பிரிக்க உதவும் கணக்கைச் சங்கத்தின் நிர்வாகக் குழு அனுமதிக்கலாகாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இறுதியாக விவசாய அங்கத்தினர்களுக்கு. டிராக்டரின் பின்சக்கரம் சேற்றில் சிக்கியிருக்க, கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்பக்கம் நிமிர்ந்து வண்டி பின்னோக்கிக் கவிழக்கூடும். ஏறத்தாழ முக்கால் வினாடியில் அது மீட்க முடியாத நிலையை அடைந்துவிடும். ஒன்றரை வினாடியில் ஓட்டியவர் அடியில் இருப்பார். அச்சத்தால் தோல் குறி காட்டுவதற்கோ ஒன்று முதல் மூன்று வினாடி வரை பிடிக்கிறது. அதாவது, உள்ளங்கை வியர்க்கத் தொடங்குமுன் வண்டி கவிழ்ந்திருக்கும். கைகால்களின் அசைவு வியர்வையைவிட விரைவானதுதான். ஆயினும் முக்கால் வினாடிக்குள் கண்டு, உணர்ந்து, கிளட்சை மீண்டும் மிதிப்பது பெரும்பாலோர்க்கு இயலாது. இவ்விபத்தில் அச்சம் பிந்தியே வருகிறது. அதை முந்தி வரச் செய்வதற்கு, அதாவது சேற்றில் சக்கரம் சுழலும்போதே உள்ளம் உறுத்தும்படி பழக்குவதற்கு, மெய்நிகர்ப் பயிற்சி பொருத்தமானது. விவசாயப் பொறியியல் கல்லூரிகள் இதை எடுத்துச் செய்யலாம்.

ஆனால் சுவீடன் நாட்டார் எவருடைய நாடியையும் பிடித்துப் பார்க்காமலே, புதிதாக விற்கும் டிராக்டர்களுக்கெல்லாம் ஓட்டுநரைக் காக்கும் எஃகுச் சட்டம் இருக்கவேண்டுமென்று 1959இலேயே விதித்தார்கள். அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது. சட்டத்தோடு இருக்கை வாரும் வேண்டும். வார் இல்லையேல் ஓட்டியவர் சட்டத்துக்கு வெளியே எறியப்பட்டு அதன் அடியிலேயே சிக்கக்கூடும். தோப்புகளில் கிளைகள் இடிக்கின்றன என்பதற்காக மடக்கக்கூடிய சட்டங்களும் செய்யப்பட்டன. மடக்கியதை மீண்டும் நிமிர்த்தாமலே வயலுக்கும் வரப்புக்கும் ஓட்டிச் செல்வோர் பல நாடுகளிலும் உள்ளனர். சட்டம் பொருத்திய வண்டியை ஓட்டுபவர், டெய்லரின் கார் ஓட்டுநரைப் போல, முன்பு ஏறத் துணியாத சரிவில் ஏறுகிறாரா? இக்கேள்விக்குக் கூடத்திலேயே ஒரு பொய்ச் சரிவை எழுப்பி, இருக்கையைச் சாய்த்து, இருபது முப்பது விவசாயிகளை ஓட்டச் சொல்லி விடை காணலாம்.